பொட்டலம் வைத்திருந்தவரைச் சிறையில் அடைத்து என்ன கண்டோம்?

1998 ஜூனில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை போதைப்பொருள் பிரச்சினைக்காகவே ஒரு சிறப்புக் கூட்டம் நடத்தியது. 'போதையில்லா உலகம், நம்மால் முடியும்' என்பது அதன் முழக்கம். 2008க்குள் கஞ்சா, கோக்கைன் எடுக்கப்படும் கோக்கா, ஓபியம் ஆகியவற்றின் சட்டவிரோதச் சாகுபடியை ஒழித்துவிடுவோம், இல்லையென்றால் பெருமளவு குறைத்துவிடுவோம் என்று நாடுகள் கூடி அறிவித்தன. 2008 வந்தது, போனது. அதே ஐநாவின் போதைப்பொருள் அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2022இல் உலகம் முழுக்க 29.2 கோடிப் பேர் ஏதாவது ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் 22.8 கோடிப் பேர் கஞ்சாவைப் பயன்படுத்தியவர்கள்.

தடை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு, தடையை வகுத்தவர்கள் வைத்த இலக்கே பதில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை கேள்வி எழும்போதும் 'இன்னும் கடுமையாகச் செய்யவில்லை, அதனால்தான்' என்ற பதிலே வருகிறது. வேறு எந்த அரசுத் திட்டத்துக்கும் இத்தனை பத்தாண்டு அவகாசத்தை நாம் கொடுத்திருக்க மாட்டோம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சா நல்லது என்று நான் நினைக்கவில்லை. அதை யாரும் தொடாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்ததற்காக ஒருவரைக் கைதுசெய்து, வழக்குப் போட்டு, குற்றவாளி என்று முத்திரை குத்துவது, அந்தக் கஞ்சா அவருக்குச் செய்யக்கூடிய கெடுதலைவிடப் பெரிய கெடுதல். அதை நிறுத்த வேண்டும். அதே சமயம், கஞ்சாவைப் பெரிய கம்பெனிகளின் கையில் கொடுத்து விளம்பரம் போட்டு விற்கவிடுவதும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதங்கள் சண்டையில் முடிகின்றன.

கஞ்சாவை ஆராயச் சொல்லி அரசுகள் அமைத்த குழுக்களின் கதை விசித்திரமானது. 1893இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் கஞ்சா, அதே செடியின் இலையில் செய்யும் பாங், பிசினில் செய்யும் சரஸ் பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. மருத்துவர்கள், அதிகாரிகள், சாமியார்கள், விவசாயிகள் என்று 1,193 சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது அந்த ஆணையம். மிதமான பயன்பாட்டால் பெரிய கெடுதல் இல்லை, அளவுக்கு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை தேவையில்லை என்பதே அதன் சாரம். 1944இல் நியூயார்க் மேயர் லா கார்டியா அமைத்த குழுவும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. கஞ்சாதான் குற்றங்களுக்குக் காரணம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்றது. 1968இல் பிரிட்டனில் வூட்டன் குழு, 1972இல் கனடாவில் லே டேன் ஆணையம். இடம் மாறியது, காலம் மாறியது, முடிவு மட்டும் பெரிதாக மாறவில்லை.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1972இன் ஷேஃபர் ஆணையம். போதைப்பொருள் பழக்கத்தை அமெரிக்காவின் முதல் எதிரி என்று 1971இல் அறிவித்தவர் அதிபர் நிக்சன். இந்த ஆணையத்தின் தலைவரையும் பெரும்பாலான உறுப்பினர்களையும் நியமித்தவர் அவரே. தலைவர் ரேமண்ட் ஷேஃபர், நிக்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஆளுநர். கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிற கூட்டம் என்று யாரும் அந்த ஆணையத்தைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது, சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான். நிக்சன் ஏற்கவில்லை. அமெரிக்காவின் 1970 போதைப்பொருள் சட்டத்தில் ஹெராயினோடு ஒரே கடுமையான அட்டவணையில், ஆணையத்தின் அறிக்கை வரும்வரை என்று சொல்லித் தற்காலிகமாக வைக்கப்பட்ட கஞ்சா, அறிக்கை வந்த பிறகும் அங்கேயே இருந்தது.

அதற்கும் முன்பே 1937இல், அமெரிக்கா முழுவதும் கஞ்சாவை முடக்கும் வரிச் சட்டம் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதியாகப் போன டாக்டர் வில்லியம் உட்வர்ட் அதை எதிர்த்துப் பேசினார். ஆதாரம் எங்கே என்று கேட்டார். சட்டம் நிறைவேறியது. 1961இன் சர்வதேச ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையின்பேரில் அந்தக் கடுமையான பட்டியலிலிருந்து ஐநாவின் போதைப்பொருள் ஆணையம் அதை எடுத்தது 2020 டிசம்பரில்தான். அதுவும் 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில்.

சரி, தடையால் பயன்பாடு குறையவே குறையாதா? குறையும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்றைச் சட்டவிரோதமாக்கினால் அதன் விலை ஏறும், கிடைப்பது சிரமமாகும், சிலர் ஒதுங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கில் குடி முதலில் நன்றாகவே குறைந்தது, கல்லீரல் நோய்ச் சாவுகளும் குறைந்தன. அப்புறம் கள்ளச்சந்தை வேரூன்ற வேரூன்ற, குடி மறுபடி மேலே ஏறியது. கூடவே கும்பல்களின் துப்பாக்கிச் சண்டை, லஞ்சம், மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்துக் கண் போனவர்கள், உயிர் போனவர்கள். தொழிற்சாலைகளுக்கான சாராயத்தை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் விஷத்தைக் கூட்டச் சொன்னதே அரசுதான். குடிப்பவர்கள் அப்படியும் குடித்தார்கள், செத்தார்கள்.

அந்த மதுவிலக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மது தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது ஆகியவைதான் மத்திய சட்டப்படி குற்றம். குடிப்பது குற்றமாக இருக்கவில்லை. தோற்றுப்போன சட்டத்துக்கு உதாரணமாக உலகமே காட்டுகிற அந்தச் சட்டம்கூடக் குடித்தவரைக் குறிவைக்கவில்லை. இன்று பல நாடுகளில் இருக்கிற கஞ்சாச் சட்டம் அதைவிடக் கடுமையானது.

தடை வெற்றிபெற்ற இடம் என்றால் எல்லோரும் சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். அங்கே போதைப்பொருள் பயன்பாடு குறைவு என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. சின்ன நகர நாடு, எல்லைகளில் இறுக்கமான காவல், பணக்கார அரசு, கடும் தண்டனை. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே மரண தண்டனை. 2023 ஏப்ரலில், சுமார் ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்ற குற்றத்துக்காக 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபட்டதல்ல. இரண்டு தொலைபேசி எண்கள் அவருடையவை என்பது வழக்கின் முக்கியமான ஆதாரங்களில் ஒன்று. அதே மாதத்தில் கனடாவில் அதே செடியின் பூவை உரிமம் பெற்ற கடைகள் ரசீது போட்டு விற்றுக்கொண்டிருந்தன. ஒரு செடிக்காக மனித உயிரை எடுக்கிற சட்டத்தை, பயன்பாடு குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடையின் இன்னொரு விளைவு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஒளித்துக் கடத்த வேண்டிய பொருள் எதுவும் நாளடைவில் வீரியமாகிக்கொண்டே போகும். மதுவிலக்கில் பீர் பீப்பாயைக் கடத்துவதைவிடச் சாராயப் புட்டியைக் கடத்துவது சுலபம். ஓபியத்தின் இடத்தை ஹெராயினும், ஹெராயினின் இடத்தை அதைவிடப் பல மடங்கு வீரியமான செயற்கைப் போதைப்பொருளான ஃபென்டனிலும் பிடித்தது இப்படித்தான். கஞ்சாவிலும் இது நடந்தது. அமெரிக்காவில் 1990களின் நடுவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. சராசரியாக 4 சதவீதம் இருந்தது. 2014இல் பிடிபட்டதில் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. (கடைகளில் உரிமத்தோடு விற்கிற நாடுகளிலும் வீரியம் ஏறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லாபம் எங்கே குறியோ அங்கே இது நடக்கும்.)

அதைவிட மோசமானது செயற்கைக் கஞ்சா. ஸ்பைஸ், கே2 என்ற பெயர்களில் விற்கிற இந்தச் சரக்கு, ஏதோ ஒரு காய்ந்த இலையின் மேல் ஆய்வகத்தில் செய்த ரசாயனத்தைத் தெளித்துத் தயாராவது. சாதாரணக் கஞ்சாவைக் கண்டுபிடிக்கும் சிறுநீர்ச் சோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. ரசாயனத்தைக் கொஞ்சம் மாற்றினால் சட்டத்தின் பட்டியலிலிருந்தும் தப்பிவிடலாம். 2018இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூக்கிலும் ஈறுகளிலும் ரத்தம் வடிய மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்கள் புகைத்த செயற்கைக் கஞ்சாவில் எலி மருந்து கலந்திருந்தது. சிலர் இறந்துபோனார்கள். நிஜக் கஞ்சா அன்று அந்த மாநிலத்தில் பொதுமக்களுக்குச் சட்டபூர்வமாகக் கிடைக்கவில்லை. கஞ்சா மட்டுமே உடம்புக்குள் போய், அது அதிகமானதால் நேராகச் சாவு என்பது மிக மிக அரிது. தடையைத் தாண்டி ஓடுவதற்காக உருவான போலிச் சரக்கோ ஆளைக் கொல்கிறது.

யார் பிடிபடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2007இல் மட்டும் அமெரிக்காவில் கஞ்சா வழக்குகளில் 8.7 லட்சம் கைதுகள் நடந்தன. அதில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது, வெறுமனே வைத்திருந்ததற்கான கைதுகள். கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் கஞ்சா பயன்படுத்தும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 2018 கணக்கின்படி கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.6 மடங்கு அதிகம். தெருவில் நிற்பவரைத்தான் போலீஸ் சோதிக்கிறது, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரைச் சோதிப்பதில்லை. எந்த நாட்டில் இந்தச் சட்டம் இருந்தாலும் அந்த நாட்டின் ஏழைகளும் சிறுபான்மையினரும்தான் அதன் வலையில் முதலில் விழுகிறார்கள்.

இப்போது கஞ்சாவின் கெடுதலுக்கு வருகிறேன். அதைத் தொடாமல் தாண்டிப்போகிற கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கஞ்சா பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களில் இது ஆறில் ஒருவர் என்கிற அளவுக்கு வருகிறது. 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் எடுத்த தரவுகளோடு ஒரு பெரிய ஆய்வு வந்தது. வீரியமான கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகம் என்று அது சொன்னது.

இது எனக்கு வெறும் எண் இல்லை. எனக்கு மிக நெருக்கமான ஒரு குடும்பத்துப் பையன் பள்ளியிலேயே கஞ்சாவைத் தொட்டவன். கல்லூரிக்குப் போனதும் அது தினசரிப் பழக்கமானது. பிறகு யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்றான், ஜன்னலைத் திறக்கவிடவில்லை. அவனுக்கு உடனே ஒரு மனநல மருத்துவர் தேவைப்பட்டார். ஆனால் அவன் அப்பா அம்மாவின் முதல் பயம் நோய் இல்லை, போலீஸ். 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா கஞ்சான்னு எழுதுவாங்களே, கேஸ் ஆயிடுமே, அப்புறம் இவன் படிப்பு என்ன ஆகும்' என்று அவன் அம்மா என்னிடம் அழுதது இன்னும் நினைவிருக்கிறது. மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கடைசியில் போனபோது, முதல் அறிகுறி தெரிந்த உடனே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவனைக் கெடுத்தது கஞ்சாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கும் சிகிச்சைக்கும் நடுவில் குறுக்கே நின்றது சட்டம். இளைஞர்களைக் காப்பதற்காகத்தான் தடை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது.

கெடுதலான பொருளைச் சிறை இல்லாமலும் ஒடுக்கலாம் என்பதற்குப் புகையிலையே சாட்சி. ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது புகையிலை. அமெரிக்காவில் 1965இல் பெரியவர்களில் 42 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். 2022இல் அது 12 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சிகரெட் பிடித்ததற்காக யாரையும் ஜெயிலில் போட்டு இதைச் சாதிக்கவில்லை. வரி, விளம்பரத் தடை, பொது இடங்களில் புகைக்கத் தடை, பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை, விட நினைப்பவருக்கு உதவி. இவ்வளவுதான். மெதுவாக நடந்தது, ஆனால் நிலைத்து நின்றது.

குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால் போர்ச்சுகலைப் பார்க்கலாம். 1990களின் இறுதியில் அந்த நாட்டு மக்கள்தொகையில் சுமார் ஒரு சதவீதம் பேர் ஹெராயின் பிடியில் இருந்தார்கள். 2001 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. எந்தப் போதைப்பொருளானாலும் சரி, பத்து நாள் சொந்த உபயோகத்துக்கான அளவுக்குள் வைத்திருந்தால் அது குற்ற வழக்காகாது. கஞ்சா என்றால் 25 கிராம். போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்யும், ஆளை ஒரு சிறு குழுவின் முன்னால் அனுப்பும். சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இருப்பார்கள். எப்போதாவது கஞ்சா பிடிப்பவர் என்றால் பெரும்பாலும் பேசி அனுப்பிவிடுவார்கள். அடிமையாகியிருந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். விற்பவருக்குச் சிறை உண்டு, அது மாறவில்லை. ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்களுக்கு வரும் புதிய எச்.ஐ.வி. தொற்று அங்கே ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டிய நிலையிலிருந்து சில பத்துகளுக்கு வந்தது. போதைச் சாவுகள் மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாகப் போர்ச்சுகல் ஆனது. நாடே போதையில் மூழ்கும் என்று பயந்தவர்கள் சொன்னது நடக்கவில்லை.

ஓரிகானில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த அமெரிக்க மாநிலம் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் எந்தப் போதைப்பொருளையும் சிறு அளவில் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் குற்றநீக்கத்தைக் கொண்டுவந்து, 2024இல் திரும்பப் பெற்றது. அங்கே பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் தள்ளுபடி. போன் செய்தவர்கள் மிகச் சொற்பம். சிகிச்சை மையங்களுக்கான பணம் தாமதமாக வந்தது, அதே நேரத்தில் ஃபென்டனில் உள்ளே புகுந்தது. போர்ச்சுகல் முதலில் சிகிச்சைக்கான ஏற்பாட்டைக் கட்டியது, ஓரிகான் அதைக் கட்டாமலே கைதுகளை நிறுத்தியது. சிகிச்சை இல்லாத குற்றநீக்கம் பாதி வேலைதான். ஆனால் திரும்பப் பெற்ற சட்டத்தில்கூட ஓரிகான் கஞ்சாவைத் தொடவில்லை. 1973இலேயே சிறு அளவு கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த முதல் அமெரிக்க மாநிலம் அது. அந்தப் பத்தாண்டில் இன்னும் பத்து மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அவற்றில் கஞ்சாப் பயன்பாடு மற்ற மாநிலங்களைவிடத் தாறுமாறாக ஏறிவிடவில்லை.

கஞ்சாவில் தொடங்குபவர் ஹெராயினில் போய் முடிவார் என்ற பயம் பலருக்கு உண்டு. கஞ்சா பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹெராயின் பக்கமே போவதில்லை. போகிறவர்களுக்கும் வழி காட்டுவது பல சமயம் அந்த வியாபாரிதான், ஒரே பையில் இரண்டையும் வைத்திருக்கிறவர். நெதர்லாந்து 1976இல் யோசித்தது இதைத்தான். கஞ்சா விற்கத் தனிக் கடைகளை ஒதுக்கிவிட்டால் அதை வாங்கப் போகிற இளைஞர் ஹெராயின் விற்பவரைச் சந்திக்க வேண்டியிருக்காது. அந்தக் கணக்கு பெருமளவு சரியாக வந்தது. ஆனால் அந்தக் கடைகளுக்குச் சரக்கு வருகிற வழியைச் சட்டத்துக்குள் கொண்டுவராமல் விட்டுவிட்டார்கள். முன்வாசலில் விற்றால் கண்டுகொள்ள மாட்டார்கள், பின்வாசலில் வருவது கடத்தல். அதனால் கும்பல்கள் அங்கே கொழுத்தன. சட்டபூர்வமாக வளர்த்த கஞ்சாவைக் கடைகளுக்குக் கொடுக்கும் சோதனை 2023 டிசம்பரில்தான் தொடங்கியது.

குற்றநீக்கத்தின் பலவீனம் இதுதான். பயன்படுத்துபவரை விட்டுவிடுகிறோம், விநியோகம் மட்டும் கும்பல் கையிலேயே இருக்கிறது. அப்படியானால் வியாபாரத்தையே முழுதாகத் திறந்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் நான் தயங்குகிறேன். கடைகளைத் திறந்த பல அமெரிக்க மாநிலங்களில் பதின்வயதினரின் பயன்பாடு பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் பெரியவர்களில் தினமும் பயன்படுத்துபவர்கள் ஏகமாகக் கூடிவிட்டார்கள். 2022இல் அந்த நாட்டில் தினமும் அல்லது அநேகமாகத் தினமும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் 1.77 கோடி. அதே அளவு அடிக்கடி மது குடித்தவர்கள் 1.47 கோடி. எந்தப் போதை வியாபாரத்திலும் லாபத்தின் பெரும்பகுதி தினமும் வாங்குபவரிடமிருந்துதான் வருகிறது. கம்பெனிக்கு அவர்தான் நல்ல வாடிக்கையாளர், மருத்துவருக்கு அவர்தான் நோயாளி. தாய்லாந்து 2022 ஜூனில் முறையான ஒழுங்குமுறைச் சட்டம் தயாராகும் முன்பே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று பின்வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் நடுவே வழிகள் உண்டு. உருகுவே 2013இல் சட்டம் இயற்றியபோது மூன்று வாசல்களை மட்டும் திறந்தது. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம், கிளப்பில் சேரலாம், இல்லையென்றால் பெயரைப் பதிந்துகொண்டு மருந்தகத்தில் மாதம் 40 கிராம் வரை வாங்கலாம். விளம்பரம் கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பொது இடத்தில் 25 கிராம் வரை வைத்திருப்பதையும் வீட்டில் மூன்று செடி வளர்ப்பதையும் அனுமதித்தது. லாபநோக்கில்லாத சங்கங்கள் உறுப்பினர்களுக்காக வளர்க்கலாம், கடை வைக்க முடியாது. எனக்கு இந்தப் பாதை பிடித்திருக்கிறது. பயன்படுத்துபவர் குற்றவாளி ஆவதில்லை, அவரை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வைப்பதில் யாருக்கும் லாபமும் இல்லை.

சட்டத்தை மாற்றும்போது பலரும் மறந்துவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களை என்ன செய்வது? இன்று குற்றமில்லாத ஒன்றுக்காக நேற்று பதிவான வழக்கு, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் விசாவுக்கு நிற்கும்போதும் கூடவே வருகிறது. கனடா 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, பழைய தண்டனைகளுக்கு மன்னிப்புக் கேட்டு இலவசமாக விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. படிவம், கைரேகை, நீதிமன்ற ஆவணம் என்று அலைய வேண்டியிருந்ததால் முதல் சில ஆண்டுகளில் பலன் பெற்றவர்கள் சில நூறு பேர்தான். இலினாய் மாநிலம் வேறு மாதிரி செய்தது. அரசே பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, 2020 முடிவதற்குள் கிட்டத்தட்ட 5 லட்சம் கைதுப் பதிவுகளை அழித்தது. விண்ணப்பம் கேட்கவில்லை, யாரையும் அலைய விடவில்லை. எந்த நாடு கஞ்சாச் சட்டத்தைத் திருத்தினாலும், பழைய பதிவுகளை அரசே அழிக்கும் என்ற பிரிவு அந்த மசோதாவின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.